நீல மூடி தீர்ந்த வாரம்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சுத்தம்மாள் என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. வைத்தவர் கெட்டிக்காரர் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. காலையில் வந்ததும் மேசையைத் துடைப்பாள். துடைத்த துணியைத் துவைப்பாள். துவைத்த கையைக் கழுவுவாள். கழுவிய கையால் தொட்டுவிட்டோமே என்று தண்ணீர்க் குழாயின் திருகையும் துடைப்பாள். அவள் மேசையைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தது. அதைத் தாண்டி வர இரண்டே பேருக்குத்தான் அனுமதி. ஒருவர் கூடத்தின் தலைவர். அவரை எல்லாரும் பெரியவர் என்பார்கள், அவரைத் தடுக்க ஆளில்லை என்பதால் அனுமதி. இன்னொருத்தி உதவியாளர் ரேடியோ, அவள் இல்லாவிட்டால் வேலை நகராது என்பதால் அனுமதி. ரேடியோவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதைப் பற்றி ரேடியோவே அரைமணி நேரம் பேசுவாள்.

பட்டைக்குள் நடந்த வேலை, புற்றுநோய்க் கட்டிகளில் எழுத்துப்பிழை தேடுவது. உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால், தனக்குள் இருக்கும் முந்நூறு கோடி எழுத்தையும் முதலில் நகல் எடுத்தாக வேண்டும். நகல் சரியா, இப்போது பிரியலாமா, கொஞ்சம் பொறுக்க வேண்டுமா என்று பார்த்து நிறுத்தி வைக்கவே உள்ளே சில புரதங்கள் இருக்கின்றன. செல்லின் பிரேக் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிரேக்கைச் செய்யும் மரபணுவில் ஓர் எழுத்து இடம் மாறினாலும் சில சமயம் பிரேக் பிடிக்காது. செல் பிரிந்து, பிரிந்ததும் பிரிந்து, கேட்பாரில்லாமல் பெருகும். அதுதான் கட்டி.

சுத்தம்மாளின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் வண்டியில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், இவர் காலடியில் ஒரு பிரேக் என்று இரண்டு உண்டு. உடம்பிலும் அதே ஏற்பாடுதான் என்று அவள் ஒருமுறை அவருக்கு விளக்கியிருந்தாள். ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஒன்று பழுதானால் மற்றது சமாளிக்கும். இரண்டும் போனால்தான் வினை. அன்று முதல் அவர், புற்றுநோயைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் பாக்கியில்லை என்ற தோரணையில் மாணவர்களிடம் பேசத் தொடங்கினார்.

விளையாட்டாகச் சொல்ல முடியாத ஒன்றும் இதில் இருக்கிறது. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. சுத்தம்மாளின் அம்மா, கணையத்தில் கட்டி வந்து நாற்பத்திரண்டாவது வயதில் இறந்துபோனாள். இவளுக்கு அப்போது பதினான்கு. இப்போது இவளுக்கு நாற்பத்தொன்று முடிந்து ஐந்து மாதம், வீட்டில் பன்னிரண்டு வயதில் ஒரு மகள். இவள் தேடியதும் கணையக் கட்டிகளில்தான். ஆறு வருடமாக முன்பின் தெரியாதவர்களின் எழுத்தையெல்லாம் வாசித்தவள், தன் எழுத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. ஒரு பஞ்சுக்குச்சியைக் கன்னத்துக்குள் விட்டு எடுத்தால் முடிகிற காரியம். கணவர் இரண்டு முறை கேட்டார், பெரியவர் ஒரு முறை கேட்டார். வேலை இருக்கிறது என்றாள். வேலையெல்லாம் ஒன்றுமில்லை, பயம்.

அம்மாவைக் கொண்டுபோனது எது என்று தெரிய வேண்டும், ஆனால் அது தன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் தெரியக்கூடாது. இதுதான் சுத்தம்மாளின் ஆராய்ச்சிக் கொள்கை. எந்தக் கட்டுரையிலும் அவள் இதை எழுதியதில்லை.

ஆறாவது வருடத்தில் பிழை அகப்பட்டது. ஐம்பத்தெட்டு நோயாளிகளின் கட்டிகளில் ஒன்பதில், பிரேக் மரபணுவின் ஒரே இடத்தில், ஒரே எழுத்து மாறியிருந்தது. இயந்திரம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறத்தில் மேடு வரைந்து கொடுக்கும். கறுப்பு மேடு மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பின் மேல் ஒரு பச்சை மேடு ஏறி உட்கார்ந்திருந்தது. அதே நோயாளிகளின் இரத்தத்தை வாசித்தபோது பச்சை இல்லை. கட்டியில் உண்டு, இரத்தத்தில் இல்லை என்றால், அது பிறப்போடு வந்ததில்லை, பிற்பாடு கட்டியில் முளைத்தது என்று பொருள்.

பெரியவர் மகிழ்ச்சியில் தன் மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை கழற்றி மாட்டினார். அடுத்த மாத மாநாட்டில் பேசுவதற்குப் படங்கள் தயாராயின. முதல் படத்தில் பச்சை மேடு, இரண்டாவது படத்தில் பெரியவர். சுத்தம்மாளின் மகிழ்ச்சி வேறு மாதிரியானது. அம்மாவுக்கும் இது இப்படித்தான் வந்திருக்கும், வழியில் வந்து ஒட்டிக்கொண்டது, எனக்கோ என் மகளுக்கோ கைமாற்றிக் கொடுக்கவில்லை என்று அவள் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். அந்த வாரம் அவள் வீட்டில் பாட்டு முணுமுணுத்தாள். வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று நினைத்துக் கணவர் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இனி அவள் வேலை செய்த முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வில்லங்கம் அங்கேதான் குடியிருந்தது. இரத்தம் உள்ள டியூப்கள் ரேடியோவின் பொறுப்பு. அவள் அச்சடித்த சீட்டுகளை ஒட்டுவாள். கட்டித் துணுக்குகள் உள்ள டியூப்களைச் சுத்தம்மாள் யாரையும் தொடவிடமாட்டாள். முன்பு ஒருமுறை ஃப்ரீசரில் சீட்டு உரிந்து இரண்டு நோயாளிகள் இடம் மாறிவிட்டார்கள். அதிலிருந்து துணுக்கை டியூப்பில் போட்ட பிறகு, திருகு மூடிகளை வரிசையாகப் பரப்பி, மார்க்கர் பேனாவால் தானே எண் எழுதி மூடுவாள்.

ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு டியூப்பில் வெறும் தண்ணீர் வைப்பார்கள். அதற்குச் சாட்சி என்று பெயர். கட்டிக்கு நடக்கும் எல்லாச் சடங்கும் அதற்கும் நடக்கும். கடைசியில் தண்ணீரில் எழுத்து எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால், எங்கிருந்தோ அழுக்கு புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சாட்சிக்கு மட்டும் நீல மூடி. நீலத்தைப் பார்த்தாலே தண்ணீர் என்று தெரிந்துவிடும் என்பதால் அதில் எதுவும் எழுதுவதில்லை. ஆறு வருடமாக அந்தத் தண்ணீர் வாயைத் திறந்ததில்லை. சுத்தம்மாளின் கர்வம் முழுவதும் அந்த ஒரு துளித் தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தது.

மாநாட்டுக்கு முன் ஒன்பதையும் முதலிலிருந்து இன்னொரு தடவை செய்துவிடலாம் என்றார் பெரியவர். செய்தார்கள். அந்த வாரம் பார்த்து நீல மூடி தீர்ந்துபோயிருந்தது. பெட்டியைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தாகிவிட்டது. சரி, மூடியின் நிறத்தில் என்ன இருக்கிறது என்று சுத்தம்மாள் சாட்சிக்கும் வெள்ளை மூடி எடுத்து, அதன்மேல் தண்ணீர் என்று அழகாக எழுதினாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் பேசியது. கறுப்பு மேடு, அதன்மேல் பச்சை மேடு.

சுத்தம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீருக்குக் கணையம் கிடையாது. கட்டி வர வழியில்லை. ஆக, அந்த எழுத்து இந்த அறைக்குள் நடமாடும் யாரோ ஒருவருடையது. எச்சில் தெறித்தோ, தோல் உதிர்ந்தோ டியூப்புக்குள் போயிருக்கிறது. யாருடையது என்று அவள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. திரும்பி ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ அப்போது தன் நாத்தனாரின் புதுத் திரைச்சீலையைப் பற்றி, அளவு முதற்கொண்டு, சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றே உத்தரவு பிறந்தது. ரேடியோ இரட்டை முகமூடி போட வேண்டும், அறைக்குள் மறு உத்தரவு வரும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. ரேடியோவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பதினோரு வருட வேலைக்குக் கிடைத்த மரியாதை இதுவா என்று ஒரு தாளில் எழுதி, கீழே தேதியும் போட்டு நீட்டினாள். அந்த வாரம் அவள் எழுதிய தாள்களைச் சேர்த்துத் தைத்தால் ஒரு நாவல் தேறும். எடுபிடிக்கு மணியடிப்பதுபோல் டியூப் தாங்கியைத் தட்டிக் கூப்பிடுவாள், தாளைக் காட்டுவாள், பதில் வரும்வரை இமைக்காமல் பார்ப்பாள்.

யூகம் போதாது, சான்று வேண்டும் அல்லவா. அறைக்குள் வரும் ஐந்து பேரின் கன்னத்திலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுப்பது என்று முடிவானது. ரேடியோ, பெரியவர், தரை துடைக்கும் அம்மா, இயந்திரம் பழுதுபார்க்க வருகிறவர். ஐந்தாவதாகச் சுத்தம்மாள். நாலு பேரிடம் எடுத்துவிட்டுத் தன்னை விட்டால் நியாயமாக இருக்காது. தவிர, தன்னிடம் இருக்க வாய்ப்பே இல்லை என்று அவள் உறுதியாக நம்பினாள். ஆறு வருடமாகக் கன்னத்துக்குள் விடப் பயந்த குச்சியை, ரேடியோவைப் பிடிக்கிற ஆவேசத்தில், யோசிக்காமல் விட்டு எடுத்துவிட்டாள். கோபத்துக்குக் கண் இல்லை என்பது சும்மா இல்லை.

படங்கள் வந்தன. ரேடியோ, கறுப்பு மட்டும். பெரியவர், கறுப்பு மட்டும். தரை துடைக்கும் அம்மா, பழுதுபார்ப்பவர், கறுப்பு, கறுப்பு. ஐந்தாவது படத்தில் கறுப்பும் பச்சையும் சம உயரத்தில், ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டதுபோல நின்றன.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். சுத்தம்மாள் படத்தைத் திருப்பி வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். பட்டைக்கு வெளியே போய் நின்றும் பார்த்தாள். அங்கிருந்தும் பச்சையாகத்தான் இருந்தது.

எப்படி? கையுறை போட்டிருக்கிறேன், முகமூடி போட்டிருக்கிறேன், மேசையை நாலு தடவை துடைத்திருக்கிறேன், எப்படி? அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். ரேடியோ பேனாவைத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டு, ஒரு வாரத்துக்குப் பின் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"நீங்கதான் ஊதுவீங்களே மேடம்."

"என்ன ஊதுவேன்?"

"மூடியில எழுதினதும் மை காயறதுக்கு முகமூடியை இறக்கிட்டு ஊதுவீங்க. ஃபூ, ஃபூ, அப்புறம் ஒரு நீள ஃபூ. பக்கத்துலயே எல்லா டியூபும் திறந்திருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நினைச்சேன்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். சுத்தம்மாளுக்குத் தன் வாயே தெரிந்திருக்கவில்லை. மார்க்கர் பேனாவின் மை சீக்கிரம் காயாது. ஒவ்வொரு மூடிக்கும் மூன்று ஊதல். ஒன்பது டியூப்களின் குறிப்பேட்டைப் புரட்டினால், எல்லாவற்றிலும் கட்டித் துணுக்கு கடுகளவுதான். பெரிய துணுக்குகளில் அவள் எச்சில் இருந்த இடம் தெரியாமல் மூழ்கிப்போயிருக்கிறது, கடுகுகளில் மட்டும் தலைதூக்கியிருக்கிறது. இரத்த டியூப்களில் ரேடியோ சீட்டு ஒட்டினாள். ஒட்டுவதற்கு ஊத வேண்டியதில்லை, அதனால் இரத்தத்தில் பச்சை இல்லை. நீல மூடியில் எழுத்தே இல்லை, அதனால் ஆறு வருடமாகத் தண்ணீர் மௌனம். வெள்ளை மூடியில் தண்ணீர் என்று எழுதி ஊதிய அன்றுதான் அது உண்மையைச் சொன்னது. இத்தனை அழுக்கையும் உள்ளே விட்டது, யாரையும் தொடவிடாத அந்தச் சுத்தம்தான்.

பெரியவரிடம் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மாநாட்டுக்குத் தைக்கக் கொடுத்திருந்த கோட்டை நினைத்திருக்கலாம். பிறகு, மேடையேறிப் பேசிவிட்டு இதைத் தெரிந்துகொண்டிருந்தால் தலையில் துணி போட்டுக்கொண்டு நடந்திருக்க வேண்டும், பிழைத்தோம் என்றார். படங்களை ஒவ்வொன்றாக அழித்தார், தன் படத்தை மட்டும் கொஞ்சம் யோசித்து அழித்தார். அதன்பின் குரலை இறக்கினார்.

"கட்டுரை போனா போகுதும்மா. உனக்குள்ள இருக்கிற எழுத்தை என்ன பண்றது? அது அம்மா பக்கமா, அப்பா பக்கமா?"

அவள் ஓடி ஒளிந்த கேள்வி கடைசியில் மஞ்சள் பட்டையைத் தாண்டி வந்து நின்றுவிட்டது. இரண்டு பிரதிகளில் ஒன்றில் எழுத்து மாறியிருக்கிறது. அம்மா கொடுத்த பிரதி என்றால், அம்மாவை நாற்பத்திரண்டில் கொண்டுபோனது இதுவாகவே இருக்கலாம். இவளுக்கு இன்னும் ஏழு மாதத்தில் நாற்பத்திரண்டு. மகளுக்கும் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா கொடுத்தது என்றால், அவருக்கு எண்பத்தொரு வயது, இன்றைக்கும் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறவர், அந்த எழுத்தால் ஒரு கேடும் இல்லை என்பதற்கு நடமாடும் அத்தாட்சி. அம்மாவின் துளி இரத்தம்கூட எங்கும் இல்லை. கேட்க வேண்டியது அப்பாவிடம்தான்.

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, ரெண்டு பிரேக்ல ஒண்ணுதானே, நம்ம வண்டியில பாதி நாள் ஒண்ணுதான் பிடிக்குது என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பிறகு அவர் வண்டிச் சாவியை எடுத்தார். கல்யாணம் ஆன பதினாறு வருடத்தில் அவர் பேசாமல் வண்டி ஓட்டியது அன்று ஒரு நாள்தான்.

அப்பா மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் நகல் எழுத்தராக இருந்தவர். யார் வீட்டுப் பத்திரமானாலும் வரி பிசகாமல் நகல் எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்றும் உத்தியோகம் அவரை விடவில்லை, மருந்துப்பெட்டியில் வரும் துண்டுச்சீட்டைக்கூட மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுவார். ஒரு சின்னப் பரிசோதனை, எச்சில் கொஞ்சம் வேண்டும் என்று மட்டும் மகள் சொன்னாள். சம்மதப் படிவத்தை நீட்டினாள். அவர் மூன்று பக்கத்தையும் வாசித்தார். இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்தார். யார் இதைத் தட்டச்சு செய்தது என்று கேட்டார். அவள்தான் செய்தாள், ஆனால் அலுவலகம் என்று சொல்லிவைத்தாள்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து மைப்பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டதும் படிவத்தை முகத்தருகே கொண்டுபோனார். உதட்டை இடப்பக்கம் கோணினார். ஃபூ, ஃபூ, அப்புறம் ஒரு நீள ஃபூ.

சுத்தம்மாளுக்குக் கையிலிருந்த பஞ்சுக்குச்சி நழுவியது. சின்ன வயதில் அவள் வீட்டுப்பாடம் எழுதும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நகல் எழுதுவார். ஒரு வரிக்கு ஓர் ஊதல் என்று இரண்டு பேருமே ஊதியிருக்கிறார்கள் போல. ஊதல் இவரிடமிருந்து வந்தது, சரி. எழுத்து? அவள் வேறொரு குச்சியைப் பிரித்தாள். ஆயுளில் முதல் முறையாக, தன் அப்பாவிடம் ஒரு குறை இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

தன் அப்பாவின் எழுத்தைத் தானே வாசிக்கக்கூடாது, கண் வேண்டியதைத்தான் காணும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் குச்சியை ரேடியோவிடம் கொடுத்தாள். மூன்று நாள். முதல் நாள் மேசையைத் துடைத்தாள். இரண்டாம் நாள் துடைக்க ஒன்றும் இல்லாமல் ரேடியோவின் மேசையையும் துடைத்தாள். மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு ரேடியோ கையில் தாளோடு வந்து பட்டைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

நின்றாள், அவ்வளவுதான். ஒன்றும் பேசவில்லை.

இடி விழுந்தாலும் அதற்கு விளக்கவுரை சொல்லுகிற ரேடியோ பேசவில்லை என்றால், அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். சுத்தம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளின் முகம் நினைவுக்கு வந்தது, அந்த முகத்தில் அம்மாவின் மூக்கு இருப்பதும் நினைவுக்கு வந்தது.

"சொல்லிடு," என்றாள்.

ரேடியோ இரட்டை முகமூடியைத் தொட்டுக் காட்டினாள்.

"சொல்லு, பரவாயில்ல."

"நீங்கதானே மறு உத்தரவு வர்ற வரைக்கும் பேசக்கூடாதுன்னீங்க? உத்தரவு வந்துச்சா, வரல்லையே. அன்னைக்கு ஒரு வார்த்தை பேசினதுக்கே எனக்குப் பயமா இருந்துச்சு." ரேடியோ முகமூடிகளைக் கழற்றினாள். "பச்சை இருக்கு மேடம். பளிச்சுன்னு இருக்கு. உங்க அப்பாவோடதுதான்."

அதற்குப் பிறகு அணை உடைந்தது. ரேடியோ சும்மா இருக்கவில்லை. இந்த மூன்று நாளில், பெரியவரிடம் கேட்டு, இரத்ததானம் செய்த ஆரோக்கியமானவர்கள் இருநூறு பேரின் டியூப்களை எடுத்து அதையும் வாசித்திருக்கிறாள். நாலு பேருக்கு அதே பச்சை. அதில் ஒருவர் எழுபது வயதில் நீச்சல் கற்றுக்கொடுக்கிறாராம். பெரியவரும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார், இந்த எழுத்து மாறினாலும் பிரேக் பிடிக்கத்தான் செய்யும் போலிருக்கிறது என்கிறார். இவ்வளவையும் அவள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க, சுத்தம்மாள் மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள். துடைத்த மேசை, கண்ணீர் வட்ட வட்டமாக நின்றது. பேசுடி, நீ பேசிக்கிட்டே இரு என்று மட்டும் சொன்னாள். அந்த உத்தரவை ரேடியோ இன்றுவரை மீறவில்லை.

இதனால் அம்மாவின் நோய் இவளுக்கு வரவே வராது என்று ஆகிவிடாது, அது அவளுக்கும் தெரியும். வருடத்துக்கொரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார், அவளும் முதல் முறையாக அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டாள். எந்தக் கதவு என்று தெரியாமல் எல்லாக் கதவுக்கும் பயந்தவளுக்கு, ஒரு கதவையாவது திறந்து பார்த்து மூடிய நிம்மதி. ஒன்பது கட்டிகளைப் பற்றிய கட்டுரை, எப்படியெல்லாம் ஏமாறலாம் என்று இரண்டு பக்கத்தில் வேறு கட்டுரையாக வெளிவந்தது. அதில், மேற்படி எழுத்து ஆசிரியர்களில் ஒருவருடையது என்று ஒரு வரி இருந்தது. இப்போது மூடிகளில் எழுதுவது ரேடியோதான், இரட்டை முகமூடியோடு, முதல் நாளே டியூப் திறப்பதற்கு முன்னால்.

அப்பாவின் படம் வந்த வார ஞாயிற்றுக்கிழமை சுத்தம்மாள் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் பேச்சு வந்தபோது அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். அந்த நாற்பத்திரண்டு, மகளுக்கு மட்டுமல்ல, அவருக்கும் இருபத்தேழு வருடமாக வாயில் வராத எண்தான். பிறகு, தன்னிடம் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முப்பத்தாறு வருஷத்துல ஒரு எழுத்து தப்பா நகல் எடுத்ததில்ல நான். எங்க, காட்டு."

அவள் இரண்டு படங்களையும் மேசையில் வைத்தாள், அவருடையது ஒன்று, தன்னுடையது ஒன்று. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு மேடாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பச்சை மேட்டில் விரல் நின்றது. மற்ற படத்திலும் அதே இடத்துக்கு விரலைக் கொண்டுபோனார். இரண்டையும் இப்படியும் அப்படியும் நாலைந்து முறை ஒப்பிட்டார். அந்த முகம் அவளுக்குத் தெரியும். பத்திரத்தை ஒப்பிடும் முகம் அது.

அலுவலகத்தில் ஒரு விதி இருந்ததாம், அவர் சொன்னார். பழைய பத்திரத்தில் ஏதாவது பிழை இருந்தால் நகல் எழுதுகிறவன் கைவைத்துத் திருத்தக்கூடாது. இருக்கிறபடியே எழுதி, பக்கத்தில் ஒரு குறிப்புப் போட வேண்டும். சொல்லிக்கொண்டே மைப்பேனாவைத் திறந்தார். மகளின் படத்தில், பச்சை மேட்டுக்குப் பக்கத்தில், முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: மூலத்தில் உள்ளபடி.

"உன்மேல தப்பில்லம்மா. நீ சரியான நகல்தான்."

கீழே சுருக்கொப்பமும் போட்டார். மை ஈரமாக மின்னியது. அவர் தாளை முகத்தருகே எடுப்பதற்குள் சுத்தம்மாள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அறையில் திறந்த டியூப் எதுவும் இல்லை. உதட்டை இடப்பக்கம் கோணி, ஃபூ, ஃபூ, அப்புறம் ஒரு நீள ஃபூ என்று, தெரிந்தே ஊதினாள்.